மூணு டிட்டோவும் ஒரு ஒயிட்னரும்

“சொந்தமா ஒரு வரி எழுதத் துப்பில்ல, மார்க் மட்டும் வேணுமா?”

ஸ்டாஃப் ரூம் வாசல்ல தாரணி கத்துன கத்துல, உள்ள ஜெயபாரதி மேடம் கையில இருந்த டீ தளும்பிச்சு.

விஷயம் இதுதான். மேடம் குடுத்த க்ரூப் ப்ராஜெக்ட். மயிலாப்பூர் மாட வீதியில எத்தனை கடை போர்டுல தமிழ் இருக்குன்னு நாலு பேரும் சேர்ந்து எண்ணிட்டு வரணும். “நீங்க வந்தா சுண்டல் தின்னே பொழுதை ஓட்டுவீங்க, நானே பாத்துக்கறேன்”னு மத்த மூணு பேரையும் துரத்திவிட்டவ தாரணிதான்.

இன்னிக்குக் காலையில ரிப்போர்ட்டை அந்த மூணு பேர்கிட்டயும் கையெழுத்துக்குக் குடுத்தா. கடைசிப் பக்கத்துல ‘யார் என்ன செஞ்சாங்க’ன்னு ஒரு கட்டம். தன் பேருக்கு நேரா ‘எல்லா வேலையும்’னு எழுதியிருந்தா.

அதுக்குக் கீழ ஆரோக்கியமேரி ரெண்டு குட்டிக் கோடு போட்டிருந்தா. கரீமுல்லா உருதுல என்னமோ எழுதியிருந்தான். ஸ்ரீரங்கன் ‘௸’ன்னு ஒரு சுழி.

“இது இன்னாடா, நசுங்கின கொசு மாதிரி?”

“மேற்படி. பழைய பத்திரத்துல எல்லாம் வரும். நம்மூரு டிட்டோ.”

“கரீம், உன்னுது?”

“ஐஸன். அதேதான், உருதுல.”

“மூணு பாஷையில ஓசி மார்க்கா!”

“தாரு, ஒரு நிமிஷம், அந்த ஏழாம் பக்கம்...” ஸ்ரீரங்கன் ஆரம்பிச்சான்.

“பக்கமாவது பல்லாவது! நகருடா.”

பையில இருந்து ஒயிட்னரை எடுத்துக்கினு உள்ள போனா. மூணு பேரும் பின்னாடியே ஓடுனாங்க.

“மேடம், இந்த மூணு டிட்டோவையும் அழிக்கணும். வெயில்ல ஒத்தையா நின்னு எண்ணுனது நானு.”

மேடம் ஒயிட்னரை வாங்கி ஓரமா வெச்சுட்டு, ரிப்போர்ட்டைப் புரட்டுனாங்க.

“ஏழாம் பக்கம். ‘வைகையில் வெள்ளம் வந்தால் மாட வீதி வியாபாரிகள் கடையை அடைத்துவிடுகிறார்கள்.’ மயிலாப்பூருக்கு வைகை எப்போம்மா வந்துச்சு?”

தாரணி நாக்கைக் கடிச்சுக்கிட்டா. நெட்டுல கெடச்ச மதுரை ரிப்போர்ட்ல ஊர் பேரை மாத்துனவ, ஆத்தை மறந்துட்டா.

“காப்பி அடிச்சதுக்கு முட்டை மார்க். சனிக்கிழமை நாலு மாட வீதியும் நடந்து ஒவ்வொரு கடையா எண்ணணும்.” மேடம் மூணு பேர் பக்கம் ஒயிட்னரை நீட்டுனாங்க. “டிட்டோவை அழிச்சுட்டா உங்களுக்கு வேற ப்ராஜெக்ட், முழு மார்க்குக்கு.”

தாரணி தரையைப் பார்த்தா.

“எங்களுக்கும் அதேதான் மேடம், முட்டையும் நடையும்,” ஆரோக்கியமேரி.

“மேற்படி,” கரீமுல்லா.

“ஐஸன்.” ஸ்ரீரங்கன் ஒயிட்னரை வாங்கி, மூடியை இறுக்கித் திருகி, தாரணி கையில வெச்சான்.

“பத்திரமா வெச்சுக்க தாரு. பதினோராம் பக்கத்துலயும் வைகை ஓடுது. காலையிலயே படிச்சுட்டுதான் டிட்டோ போட்டோம்.”