சிவப்பு நூல் டம்ளர்

"ரெண்டு மாசமா மாத்திரை முழுங்கியும் சளியில கிருமி அப்படியே இருக்கு. மாத்திரையை எங்கேண்ணே கொட்டுறீங்க?"

தையல் கடைக்குள் நுழைந்ததுமே தையல்காரரைப் பிடித்துக்கொண்டாள் காசநோய்ப் பிரிவு நர்ஸ்.

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வாசலோரம் தனி மிஷினில் அவர் மட்டும். பக்கத்தில் தனி டம்ளர். அதில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"இது எதுக்கு?"

"நான்தாம்மா கட்டினேன். நாலு பேர் வேலை செய்யற இடமாச்சே!" உள்ளேயிருந்து முதலாளி கனைத்தபடி வந்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

"டம்ளர்ல ஒட்டாது சார். இருமினா காத்துல பரவும்."

"நல்லாக் கேளுங்க இவனை! பொறுப்பே கிடையாது!"

அவர் போட்ட சத்தத்தில் மேஜைமேல் வாயைப் பிளந்து கிடந்த கத்தரிக்கோல் தானாகவே வாயை மூடிக்கொண்டது.

நர்ஸ் தையல்காரர் பக்கம் திரும்பினாள். "எத்தனை மாசம் சாப்பிடணும்?"

"ஆறு மாசம், சிஸ்டர்."

"தினம் எத்தனை?"

"நாலு. ஒரே வேளையில."

"நடுவுல விட்டா?"

"கிருமி மருந்துக்குப் பழகிடும். அப்புறம் பெரிய வைத்தியம்."

"எல்லாம் மனப்பாடமாத் தெரியுது! சரி, மாத்திரை போட்டா ஒண்ணுக்கு என்ன நிறத்துல போகும்?"

தையல்காரர் வாயைத் திறக்குமுன் முதலாளி முந்திக்கொண்டார்.

"ஆரஞ்சு! இதுகூடத் தெரியாதா? மொத நாள் ரத்தம்னு நெனச்சு எனக்கு உயிரே போயிடுச்சு!"

நர்ஸ் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கா?"

முதலாளியின் முகம் வெளுத்த துணியாகிவிட்டது. பதிலுக்கு இருமல்தான் வந்தது. அடக்க அடக்க வந்தது.

"அவரைத் திட்டாதீங்க, சிஸ்டர்," என்றார் தையல்காரர். "எனக்கு ரெண்டு, அவருக்கு ரெண்டு. ஆஸ்பத்திரியில பேர் எழுதினா வெளியே தெரிஞ்சிடும், ஒருத்தரும் துணி தைக்கக் கொடுக்க மாட்டாங்கன்னு தூக்கமில்லாமக் கெடந்தாரு. பார்க்கச் சகிக்கல."

"பாதி மருந்துல ரெண்டு பேருக்குமே குணமாகாதே! உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். ஆனா நோய்னு தெரிஞ்சும் என்னை வேலையை விட்டு அனுப்பாம வெச்சிருக்காரே..."

முதலாளிக்கு மறுபடி இருமல் வந்தது. கைக்குக் கிடைத்த டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தார். வைக்கும்போதுதான் சிவப்பு நூலைப் பார்த்தார்.

நர்ஸ் பையைத் திறந்து சளிப் பரிசோதனை டப்பா இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"ஆளுக்கு ஒண்ணு. இதையாவது பங்கு போடாம, அவங்கவங்க சளியை அவங்கவங்க கொடுங்க."