தேடி வர ஓர் ஆள்

‘தனிமையே விடுதலை’ என்று ஊர் ஊராகப் பேசிப் பேர் வாங்கிய ராஜகணபதி, தனிமையைத் தேடிக் கொற்றத்தீவில் வந்து இறங்கினார். கடைசிப் படகு திரும்பிப் போய்விட்டது. மழை பிடித்துக்கொண்டது. தீவில் இருந்தது ஒரே விடுதி.

“தனி ஆளுன்னா, தேடி வர ஒருத்தர் வேணும் சார்,” என்றார் வாசலில் நின்ற விடுதிக்காரர் சந்தியாகு. “செத்துகித்துப் போனா நாங்க யார்கிட்ட சொல்ல? போன் போட்டுப் பேசுங்க. அவர் மெய்யாவே வருவாரான்னு கதவு கேட்டுக்கும். வருவார்னா தானாத் திறக்கும்.”

ராஜகணபதி தம்பியை அழைத்தார். “உங்களுக்கென்னண்ணே, எங்க இருந்தாலும் ராஜாதான்,” என்றான் தம்பி. கதவு அசையவில்லை. அவர் பேச்சைக் கேட்டுக் குடும்பத்தையே விட்டு வந்த சீடர், “விடுதலைக்கு வாழ்த்துகள் ஐயா,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். மகள் போனை எடுக்கவே இல்லை.

“உங்க கதவு பழுது,” என்றார் ராஜகணபதி.

சந்தியாகுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “என் சாவி உள்ளதான் கிடக்கு. இப்பப் பாருங்க,” என்று தூத்துக்குடியில் இருக்கும் மனைவியை அழைத்தார். சாத்திய கதவுக்கு முதலாளியும் தனி ஆள்தான்.

“பிலோமி, எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ வருவதானே?”

“வராம? இதென்ன கேள்வி,” என்றாள் அவள். பின்னால் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.

கதவு அசையவில்லை.

“இன்னொரு தடவை கேட்டுப் பாருங்களேன்,” என்றார் ராஜகணபதி.

சந்தியாகு வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, சாரல் படாத பக்கம் அவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.