ஷார்ஜாவில் ஒரு பெரிய ரூம்

"விசா ஒரு மாசத்துக்கு. அஞ்சாம் நாளே வந்து நிக்கிற. உண்மையச் சொல்லு, அங்க என்ன சண்ட போட்ட?"

இளமதி சிதம்பரம் திரும்பிய நாளிலிருந்து மாமியார் சௌந்தரம் இதையேதான் கேட்கிறாள்.

"சண்டையெல்லாம் இல்ல அத்த. அவருக்கு வேல ஜாஸ்தியாம்."

"பொண்டாட்டிய வரவழைச்சிட்டு வேலைன்னு திருப்பி அனுப்புறவன் எவனாவது இருக்கானா? என் புள்ளைக்குக் கம்பெனியில தனி ரூம் குடுத்திருக்கான். அதுல ஒரு மாசம் உன்னால இருக்க முடியல."

விமானத்தில் அழுதுகொண்டே இளமதியும் அதைத்தான் யோசித்திருந்தாள். தன்னிடம் என்ன குறை?

கல்யாணமாகி நாலு வருஷம். ஜெயப்பிரகாஷுடன் அதற்கு முன் அவள் சேர்ந்திருந்தது அவனுடைய இரண்டு லீவுகளில் மட்டும்தான். ஷார்ஜாவில் தினமும் மாலையில் கடலோரம் நடந்தார்கள்.

"கைய விடுங்க. யாராவது பாக்கப் போறாங்க."

"இது என்ன கடலூர் சில்வர் பீச்சா? இங்க நம்மள யாருக்குடி தெரியும்?"

அவன் கையை விடவேயில்லை.

ஐந்தாம் நாள் காலையில் வெளியே போய்விட்டு வந்தவன் முகம் மாறியிருந்தது. "சாயங்காலம் ஃப்ளைட். துணிய எடுத்து வை" என்றான்.

"இன்னும் ரெண்டு நாளாவது இருக்கேங்க."

"சொன்னா கேளு. வேல ஜாஸ்தி."

அவ்வளவு பெரிய ரூமில் ஒரே ஒரு கட்டில். அதன்மேல் உட்கார்ந்து அவள் அழுததை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஜெயப்பிரகாஷ் அண்ணன் வீடு இதானங்க?"

சிதம்பரம் வீட்டு வாசலில் ஓர் இளைஞன் பையோடு நின்றான். பெயர் சார்லஸ். கடலூர் முதுநகர்க்காரன். ஜெயப்பிரகாஷின் கம்பெனியில்தான் வேலை. லீவில் வந்தவனிடம் பால் பவுடரும் தைலமும் கொடுத்து அனுப்பியிருந்தான் ஜெயப்பிரகாஷ்.

சௌந்தரம் காபியைக் கொடுத்தபடியே ஆரம்பித்தாள். "நீங்களே சொல்லுங்க தம்பி. இவள ஏன் அவன் அடிச்சிப் புடிச்சி அனுப்புனான்?"

"அத்த, வந்தவங்ககிட்டப் போயி..."

"நீ சும்மா இரு."

சார்லஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "ஏன், பழனிவேல் மாமாவுக்கு உடம்பு முடியாமப் போனத அண்ணன் சொல்லலியா?"

"யாரு பழனிவேல்?" என்று கேட்டாள் இளமதி.

"எங்க ரூம்லயே பெரியவரு, அண்ணி."

"எந்த ரூம்?"

"நீங்க தங்கியிருந்த ரூம்தான்."

"அது அவரோட ரூமாச்சே?"

"அவரோடதுதான். கூட நாங்களும் ஆறு பேரு." சார்லஸ் சிரித்தான். "யாரோட சம்சாரம் வந்தாலும் மத்தவங்க காலி பண்ணிக் குடுத்துடுவோம். அது எங்க ரூம் பழக்கம். கட்டிலையெல்லாம் கழட்டி மொட்டமாடிக்குத் தூக்கிட்டுப் போயி, அங்கயே படுத்துக்குவோம். நீங்க வச்ச சாம்பார் வாசன மாடி வரைக்கும் வரும் அண்ணி. அத மோந்துகிட்டே காஞ்ச ரொட்டியத் தின்னோம்!"

யாரும் சிரிக்கவில்லை. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இந்த வருஷம் ராத்திரியிலயும் ஒரே அனல். பழனிவேல் மாமா மாடியிலயே மயங்கி வுழுந்துட்டாரு. ஆஸ்பத்திரியில கண்ண முழிச்சதுமே, 'எனக்கு ஒண்ணும் இல்லடா, அந்தப் பொண்ணு இருந்துட்டுப் போவட்டும்'னாரு. நாங்களும் சொன்னோம். அண்ணன்தான் கேக்காம டிக்கெட் போட்டுட்டாரு. இப்ப மாமா எழுந்து நடமாடுறாரு. 'மறுபடி வரவழைடா'ன்னு தினமும் அண்ணனத் திட்டுறாரு."

சார்லஸ் போன பிறகு சௌந்தரம் இளமதியின் முகத்தைப் பார்க்காமலே, "சாப்புடு வா" என்றாள். இரண்டு தட்டுகளை அவளே எடுத்து வைத்தாள்.

சாயங்காலம் ஜெயப்பிரகாஷ் போன் செய்தான்.

"சார்லஸ் வந்தானா?"

"வந்தாரு. பால் பவுடர் குடுத்தாரு."

"இன்னும் கோவமா இருக்கியா?"

"இல்லீங்க."

"இங்க வேல கொறஞ்சிடுச்சி. அடுத்த மாசமே மறுபடி விசா எடுக்கட்டுமா? ஒரு மாசம் முழுசா இருந்துட்டுப் போ."

அந்த நிமிஷமே கிளம்பிவிடலாம் போலிருந்தது அவளுக்கு. போனை இன்னும் இறுக்கமாகக் காதில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப வேணாங்க. அங்க வெயில் எறங்கட்டும்."

"வெயிலா? உனக்கென்னடி வெயிலு? ரூம்லதான் ஏ.சி. இருக்கே!"

"ரூமுக்குள்ள மட்டும்தானங்க இருக்கு" என்றாள் இளமதி.