இரண்டு நிமிடச் சிறை

ஒரு விடுகதை. தப்பு செய்கிறவன் ஒருவன், சிறைக்குப் போகிறவன் இன்னொருவன், அந்தக் கைதிக்கு மூன்று வேளைச் சாப்பாடு காவல்காரர் வீட்டில். அது என்ன?

ஹாரோ லேக் ஊரில் கேட்டால் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஐஸ் ஹாக்கி.

ஆட்டத்தில் தப்பு செய்தவன் பனித்தளத்தின் ஓரத்தில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியில் இரண்டு நிமிடம் உட்கார வேண்டும்; அதுவரை அவன் அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். கோல்கீப்பர் தப்பு செய்தால் மட்டும் அவனுக்குப் பதிலாக அணியில் வேறொருவன் போவான். ஹாரோ லேக் கோல்கீப்பர் ஸ்டர்லிங் முன்கோபி. பக்கத்தில் வருகிறவன் கணுக்காலில் மட்டையால் ஒன்று வைக்காவிட்டால் அவனுக்கு அன்று தூக்கம் வராது.

அவனுக்குப் பதிலாகச் சிறைக்குப் போகிறவன் எமில்.

எமில் தடுப்பாட்டக்காரன். தடுக்கிறவன் கதவு மாதிரி இருக்க வேண்டாமா? இவன் ஐந்தடி ஆறங்குலம். சறுக்கு பூட்ஸுக்குச் சாணை பிடிக்கும் மிஷின் ஒன்றைப் பக்கத்து மாகாண அணிக்குக் கொடுத்து, மாற்றாக இவனை வாங்கியிருந்தார்கள். மிஷின் இருந்தாலாவது பிரயோஜனம் என்று ஊர் பேசிக்கொண்டது.

வெளியூர் ஆட்டக்காரர்களை உள்ளூர்க்காரர்கள் வீட்டில் வைத்துச் சோறு போடுவது வழக்கம். எமில் வந்தது மார்லின் வீட்டுக்கு. தடுப்பாட்டக்காரன் என்றதும் அவள் கணவர் ஓரெஸ்ட் ஏழடிக் கட்டில் செய்து வைத்திருந்தார். எமில் படுத்தது போக, கால்மாட்டில் பூனை குடும்பத்தோடு படுத்துக்கொண்டது.

தண்டனைப் பெட்டியின் கதவைத் திறந்து மூடும் காவல்காரரும் ஓரெஸ்ட்தான். இருபத்திரண்டு வருடமாக, சம்பளம் வாங்காமல். போன வருடம் இரண்டு முறை நேரம் தப்பித் திறந்துவிட்டார். இன்னொரு முறை நடந்தால் வேறு ஆளைப் போடுவோம் என்று ஹாக்கி சங்கத்திலிருந்து கடிதம் வந்தது.

எமிலின் கால் வேகத்தைக் கோச்தான் முதலில் கவனித்தார். தண்டனை முடிகிற நேரத்தில் எதிரணி மொத்தமும் இந்தப் பக்கம் வந்து முட்டிக்கொண்டிருக்கும். பெட்டியிலிருந்து பாய்கிறவனுக்கு எதிரே அவர்களுடைய கோல்கீப்பர் மட்டும்தான்.

"உனக்கு வேலை கிடைச்சிடுச்சுடா தம்பி" என்றார் கோச். "உட்கார்றதுதான் வேலை. ஆனா எழுந்திருக்கும்போது அம்பு மாதிரி எழுந்திருக்கணும்."

வீட்டிலேயே பயிற்சி தொடங்கியது. எமில் குளியலறைக்குள். ஓரெஸ்டின் கை தாழ்ப்பாளில். ஏழு வயது மகள் லெஸ்யா முட்டை வேகவைக்கிற கடிகாரத்தைப் பார்த்து விநாடிகளை எண்ணுவாள். "அப்பா, இன்னும் ஒண்ணு பாக்கி" என்று அவ்வப்போது அதட்டுவாள். கதவு திறந்ததும் எமில் கூடத்தைக் கடந்து வாசல்வரை பாய்வான். இதில் மார்லினுக்கு இரண்டு பூத்தொட்டிகள் போயின. அணிக்கு மூன்று கோல்கள் வந்தன.

பருவத்தின் கடைசி ஆட்டம் ஞாயிறு மதியம். மார்லின் அரங்கத்து கேன்டீனில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து ஆட்டம் தெரியாது. ஊரே கத்தியது கேட்டது. பிறகு விசில். பிறகு சத்தமே இல்லை.

செய்தி காப்பி வாங்க வந்தவர்களோடு வந்தது. ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது, ஆட்டம் முடிய ஐந்து விநாடி இருக்கையில், எமில் பெட்டியிலிருந்து பாய்ந்து கோல் போட்டிருக்கிறான். ஆனால் கதவு திறந்தபோது தண்டனை முடிய இன்னும் ஒரு விநாடி இருந்ததாம். கோல் செல்லாது. நடுவர் பெட்டிக்கே வந்து யார் திறந்தது என்று கேட்டாராம். நான்தான் அவசரப்பட்டுக் கதவைத் தள்ளிவிட்டேன் என்று எமிலே சொன்னானாம். பருவம் முடிந்தது.

"உட்காரத்தானே சொன்னாங்க? அதுகூடத் தெரியலியே" என்றார் தபால்காரர்.

"மிஷினா இருந்தா சொன்ன நேரத்துக்கு வேலை செஞ்சிருக்கும்" என்றார் இன்னொருவர்.

மற்ற நாளாக இருந்தால் மார்லின் அவர்கள் காப்பியில் உப்பைப் போட்டிருப்பாள். இன்று அவளுக்கும் அந்தப் பூத்தொட்டிகள் ஞாபகம் வந்தன.

இரவுச் சாப்பாட்டுக்கு முட்டைக்கோஸ் சுருள். வழக்கமாக எட்டு சாப்பிடுகிற எமில் இரண்டோடு நிறுத்திக்கொண்டான். இங்கே இருப்பதா, கிளம்புவதா என்று கோச் காலையில் சொல்வாராம். எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டி கட்டி வைத்துவிட்டான். ஓரெஸ்ட் தட்டைத் தொடவேயில்லை. பையன்மேல் அவ்வளவு கோபம் என்று மார்லின் நினைத்துக்கொண்டாள். ஆட்டம் முழுக்கப் பெட்டிக்குப் பக்கத்தில் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற லெஸ்யாவும் வாயைத் திறக்கவில்லை.

எழவு வீடு மாதிரி இருந்ததை மார்லினால் பொறுக்க முடியவில்லை. அந்த வீட்டிலும் ஒரு சட்டம் உண்டு. தப்பு செய்தவர் குளிர்பதனப் பெட்டி பக்கத்திலுள்ள குட்டி ஸ்டூலில் இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். அதில் இதுவரை உட்கார்ந்தது லெஸ்யா மட்டும்தான்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றாள் மார்லின், மகளைப் பார்த்து. "நடுவரம்மா, இன்னிக்குத் தப்பு பண்ணினவரை உட்கார வைங்க."

எமில் லேசாகச் சிரித்தபடி எழுந்து நின்றான்.

லெஸ்யா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எமிலைத் தாண்டிப் போய் அப்பாவுக்கு முன்னால் போட்டாள்.

"ஏய், நான்தான் தள்ளினேன்" என்றான் எமில் அவசரமாக.

"நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றாள் லெஸ்யா.

மார்லின் கணவரைப் பார்த்தாள். அவர் காதுவரை சிவந்திருந்தார். எழுந்து வந்து, முழங்கால் மோவாயில் இடிக்க அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கோச்சிடம் பேச வேண்டும், போனை எடுத்துக் கொடு என்று மெல்லக் கேட்டார்.

தண்டனை முடிந்த பிறகுதான் போன் என்று சொல்லிவிட்டு, லெஸ்யா கடிகாரத்தை நான்கு நிமிடத்துக்குத் திருகி வைத்தாள். கதவைத் திறந்ததற்கு இரண்டு, வாயைத் திறக்காததற்கு இரண்டு.