இடது தோள்

விளக்கு அணைந்ததும் மகள் ரோபினா என் கையைப் பிடித்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

"அம்மி, இது சினிமா. பரீட்சை ரிசல்ட் இல்ல," என்றாள்.

அவளுக்கென்ன, சொல்லுவாள்.

லாகூரில் இந்தப் படத்துக்கு டிக்கெட் குதிரைக் கொம்பு. நாற்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய பஞ்சாபி சண்டைப் படம். அதே கதையைக் கோடி கோடியாகக் கொட்டி மறுபடி எடுத்திருக்கிறார்கள். ஒரு கிராமத்தையே செட் போட்டார்களாம், அதைக் கொளுத்த வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தானாம். அந்தக் காலத்தில் எங்கள் ஸ்டன்ட் ஆட்களே வைக்கோலைக் குவித்துக் கொளுத்துவார்கள், அவர்களே மண்ணை அள்ளிப் போட்டு அணைப்பார்கள், மீசை கருகி வீட்டுக்கு வருவார்கள்.

எனக்கு இவர்கள் நெருப்பும் வேண்டாம், புகையும் வேண்டாம். ஒரே ஒரு காட்சிக்காகத்தான் வந்தேன்.

பழைய படத்தில், அண்ணனைப் பறிகொடுத்த நாயகன் பழிவாங்கப் புறப்படுவான். கோதுமை வயல் நடுவே, முதுகு மட்டும் தெரிய, நடந்து போவான். இடது தோள் நாலு விரற்கடை இறங்கியிருக்கும். அவ்வளவுதான் காட்சி. வசனம்கூடக் கிடையாது.

பஞ்சாபே அந்த நடைக்குப் பைத்தியமாகிவிட்டது. இன்றைக்கும் கல்யாண ஊர்வலத்தில் மேளம் கொட்டினால் பையன்கள் இடது தோளை இறக்கிக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

நடந்தது நாயகன் இல்லை. அவருக்கு அன்று காய்ச்சல். முதுகுதானே, யார் நடந்தால் என்ன என்று டூப்பை நடக்க விட்டார்கள். டூப் என் வீட்டுக்காரர் இனாயத்.

படம் வந்த அன்று பெண்கள் பகுதியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்து, "அது எங்க வீட்டுக்காரரு," என்றேன்.

"முதுகை வச்சு எப்படிடி கண்டுபிடிச்சே?"

"வேற எதைக் காட்டினாரு எனக்கு? எந்நேரமும் வாசலைப் பார்த்துப் போற மனுஷன்தானே."

அவள் சிரித்த சிரிப்பில் முன்வரிசைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என்ன நாள் அது!

ரோபினாவுக்கு மூன்று வயதாகும்போது மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது. அப்புறம் ஒரு வீடியோ கேசட் வாங்கினேன். அந்த நடையையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததில் நாடா தேய்ந்து, அவர் நடக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கோடுகள்தான் ஓடின. இப்போது கைபேசியில் கிடைக்கிற பிரதியில் அந்தக் காட்சியையே வெட்டிவிட்டார்கள். நாசமாய்ப் போகிறவர்கள்.

புதுப் படத்தில் அந்த நடை உண்டா என்று டிவியில் புது நாயகனிடம் கேட்டார்கள். "நான் யாரையும் காப்பி அடிக்க மாட்டேன்," என்று சிரித்தான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இவனும் தோளை நிமிர்த்திவிட்டால் இனாயத் இந்த உலகத்தில் நடந்த தடயமே இல்லாமல் போய்விடும்.

திரையில் கோதுமை வயல் வந்தது.

முதலில் முகம். இரண்டு ஆள் உயரத்துக்கு முகம். போச்சு என்று நினைத்தேன்.

பிறகு கேமரா மெல்லச் சுற்றிப் பின்னால் போனது. அவன் நடந்தான். ஓர் அடி, இரண்டடி, மூன்றடி. பாவி, உலக்கையை முழுங்கினவன் மாதிரி விறைப்பாகவே நடந்தான்.

நாலாவது அடியில் இடது தோள் இறங்கியது.

அரங்கமே எழுந்துவிட்டது. விசில் காதைத் துளைத்தது. எவனோ தலைப்பாகையைக் கழற்றி மேலே வீசினான். எனக்குத் திரையில் இருந்த பையன் தெரியவில்லை. என் மனுஷன்தான் போய்க்கொண்டிருந்தார், வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமல்.

"அம்மி! அப்பா!" என்று ரோபினா கத்தினாள். என் காதுக்குள் குனிந்து, "இப்படி நடக்க அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்றாள்.

படித்தவர்கள் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் உடலைக் கிடத்திய ஜனாஸாவைச் சுமந்த தோள், அதனால்தான் இறங்கியது என்று ஒருவர் பத்திரிகையில் இரண்டு பக்கம் எழுதினார். நான் யாரிடமும் வாயைத் திறந்ததில்லை.

அந்த நடையை எடுத்த அன்று நான் ஏழு மாதக் கர்ப்பம், இவள்தான் வயிற்றில். காலையிலிருந்து இடுப்பு வலி. "இன்னிக்கு ஒரு நாள் போகாதீங்க," என்றேன். "முதுகை மட்டும்தான் எடுக்கிறாங்களாம், இதோ வந்துடுவேன்," என்று சிரித்துக்கொண்டே வாசலுக்குத் திரும்பினார். என் கையில் ரொட்டி தேய்க்கிற கட்டை இருந்தது. ஆத்திரத்தில் ஒரே போடு. இடது தோளில்.

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். படப்பிடிப்பில் கேட்டவர்களிடம் குதிரை உதைத்துவிட்டது என்று சொன்னாராம்.

சாயங்காலம் வந்து, "ஒரே டேக்குல ஓகே ஆயிடுச்சு. டைரக்டர் கட்டிப் பிடிச்சாரு, உயிரே போயிடுச்சு," என்று சிரித்தார். நான் உப்பைச் சுட வைத்து ஒத்தடம் கொடுத்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை.

"சொல்லுங்க அம்மி, யாரு?"

"நான்தான்டி," என்றேன். சத்தத்தில் அவள் காதில் விழுந்திருக்காது.

எங்கள் வீட்டுச் சண்டைக்கு முந்நூறு பேர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.