மொட்டைப் பாறைக் கிணறு

மலையூருக்குச் சாலை போட வரைபடம் தயாரிப்பது அவள் வேலை. சாலைக்கான கோடு ஒன்றை அன்று காலையில்தான் முதன்முதலாக இழுத்திருந்தாள். வீடு வீடாகக் கணக்கெடுத்தவர் விவரங்களை ஏற்கெனவே ஃபோனில் அனுப்பிவிட்டார். தண்ணீருக்கு எத்தனை நிமிட நடை என்ற கேள்விக்கு முப்பத்தெட்டு வீடுகள் பதில் சொல்லியிருந்தன. அவள் நிமிடத்தைத் தூரமாக்கி, ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டாள். அத்தனை வட்டங்களும் ஒரே புள்ளியில் வந்து வெட்டிக்கொண்டன. செயற்கைக்கோள் படத்தில் அங்கே மொட்டைப் பாறைதான் இருந்தது. அவளுடைய சாலையும் அதன் மேல்தான் போனது.

கணக்கெடுத்தவரை அழைத்தாள்.

"அண்ணே, அந்த ஊர்ல தண்ணி எங்க எடுக்கறாங்க?"

"ஒரு அம்மா வீட்டுக் கிணத்துல. எனக்கும் ஒரு சொம்பு குடுத்தாங்க. பல்லு கூசிருச்சு."

"அங்க வெறும் பாறைண்ணே."

"படம் பாத்தது நீம்மா. தண்ணி குடிச்சது நான்."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. மேலதிகாரி கேட்டால் மண் சரியில்லை என்று சமாளித்துக்கொள்ளலாம். சாலையைக் கொஞ்சம் வளைத்துப் பாறையை ஒதுக்கினாள்.

அரைமணி கழித்துத் தபாலில் படிவக் கட்டு வந்தது. எண்ணினால் முப்பத்தொன்பது. அதிகப்படியான படிவத்தில், தண்ணீருக்கு நடை என்ற இடத்தில் பூஜ்ஜியம். 'குறைகள்' என்ற இடத்தில் அண்ணனின் கோழிக்கிறுக்கல் கையெழுத்து:

'ரோடு எங்க அடுப்படி வழியா வர்றதா இருந்துச்சு. படம் போடுற பொண்ணு ஒதுக்கி விட்டுருச்சு. இப்ப குறை ஒண்ணுமில்ல.'

கீழே தேதி போட்டிருந்தார். போன செவ்வாய்க்கிழமை.