பச்சைப் புள்ளிகள்

அபூசாலி நாநாவின் பாதத்தைக் கண்டதும் றிஷ்னாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

புண் இருந்த இடத்தில் புதுத் தோல் மூடியிருந்தது. “அல்ஹம்துலில்லாஹ்!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

வெளியே த்ரீவீலுக்குள் அவள் கணவன் முனாஸ், கட்டுப் போட்ட பாதத்தை நீட்டியபடி கிடந்தான். சீனி வருத்தத்தால் ஆறாத புண். முழங்காலுக்குக் கீழே வெட்ட வேண்டும், இன்று பகலே வெட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவன் ஒப்பமிடாமல் எழும்பி வந்துவிட்டான். உப்பளத்தில் நின்று பிழைக்கிறவன் வேறென்ன செய்வான்!

மாம்புரியில் புது மருந்தொன்றைப் பரீட்சித்துப் பார்க்கும் டொக்டர்தான் வெட்டாமலே புண் ஆறும் என்ற தைரியத்தைக் கொடுத்தவர். கம்பியூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். எங்கு பார்த்தாலும் பச்சைப் புள்ளிகள், அங்கொன்றும் இங்கொன்றும் சிவப்பு. நூற்றுக்குத் தொண்ணூறு சுகம் என்றார். மனுசன் பொய் சொல்லவில்லை, அவரே அதை நம்பித்தான் இருந்தார்.

றிஷ்னா ஒவ்வொரு பச்சையையும் ஒவ்வொரு ஆளாகவே பார்த்தாள். இத்தனை பேர் தப்பியிருக்கிறார்கள், தன் புருசன் மட்டும் தப்பமாட்டானா?

ஆனாலும் பாழாய்ப்போன மனசு, ஒரு ஆளையாவது கண்ணால் பார்த்துவிட்டுத் தொடங்கு என்றது. முந்தலிலிருந்து வந்தவளுக்கு இங்கே யாரைத் தெரியும்? அந்த மருந்தால் சுகமான ஆள் என்று, விசாரித்த இடத்திலெல்லாம் அபூசாலி நாநாவின் இந்த ஒரு வீட்டைத்தான் காட்டினார்கள்.

“மத்த ஆக்களுக்கும் இப்பிடித்தான் சுகமாகினதா நாநா?”

“எந்த ஆக்கள்?” அவர் சிரித்தார். “டொக்டர்ட இடம் பள்ளிவாசலுக்கு முன்னாலதானே. ஒவ்வொரு நாளும் லுஹர் தொழுதிட்டு நேரா அங்க போய்க் காட்டுவன். டேப் வெச்சு அளந்து, கம்பியூட்டர்ல ஒரு புள்ளி போடுவாங்க. மூணு மாசமா இதுதான் எண்ட வேல.”

றிஷ்னா அந்தத் திரையை நினைத்துப் பார்த்தாள். யா அல்லாஹ், அத்தனை பச்சையும் இந்த ஒரு மனிதரின் கால்தானா?

“வேற ஒருத்தருமே இல்லையா?”

“ஒரு ஆள் இருந்தா. எண்ட பொஞ்சாதி மர்ளியா. ரெண்டு பேரும் ஒண்டாத்தான் மருந்து தொடங்கினம்.” அவர் தலை குனிந்தார். “அவவ ஒரே ஒரு நாள்தான் அளந்தாங்க. பொறகு எழும்பி நடக்கவே ஏலாமப் போச்சு, அங்க போகல்ல. புண்ட விஷம் மேல ஏறி, உசிர் போய் மவுத்தாகிட்டா. அவவும் கால வெட்ட வாணாம் எண்டு வந்தவதான், தங்கச்சி.”

றிஷ்னா வாசலுக்கு ஓடினாள்.

“என்ன சொன்னாரு? சுகந்தானே?” முனாஸின் முகம் மலர்ந்திருந்தது.

“ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்க தம்பி, கெதியா!” என்றாள் த்ரீவீல்காரனிடம்.

முனாஸ் இறங்கப் பார்த்தான். அவள் பாய்ந்து ஏறி, இரண்டு கைகளாலும் அவனை இறுக்கிக்கொண்டாள்.

“கால் போனாப் போகட்டும். நீங்க இருங்க.”